உலகக் கிண்ணமும் புக்கிக் கணக்கும்

இரத்மலானையிலிருந்து காலி வீதி வழியாகக் கல்கிசை, தெகிவளை, வெள்ளவத்தை என்று வடக்கு நோக்கிப் பிரயாணஞ் செய்து, கோட்டையைக் கடந்து கொட்டாஞ்சேனை வரை செல்லும் ஒருவர், வழியிலே கோயில்களையும் பாடசாலைகளையும் புடைவைக் கடைகளையும் காண்பதுபோலவே, வெளியில் அதிக ஆடம்பரமின்றி, உள்ளே தொலைக்காட்சித் திரைகளும் சுவரில் ஒட்டிய அச்சுத்தாள்களுமாக நடைபெறும் பந்தயக் கடைகளாகிய ‘புக்கி’களையும் கண்டே தீர்வார். இக்கடைகளின் சரித்திரம் சற்று விசித்திரமானது. கறுவாத்தோட்டத்துக் குதிரைப் பந்தயத் திடல் 1893இல் ஏற்பட்டது. யுத்த காலத்தில் அது விமான ஓடுபாதையாக மாறி, 1942 ஏப்ரல் 5ஆந் திகதி ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது, எங்கள் இரத்மலானை நிலையத்திலிருந்து கிளம்பிய போர் விமானங்களுக்குத் துணையாகத் தானும் விமானங்களை அனுப்பியது. யுத்தம் முடிந்து குதிரைகள் திரும்பி வந்தபின், 1956இல் பண்டாரநாயக்கா அரசாங்கம் அவற்றை அங்கிருந்து நிரந்தரமாகவே வெளியேற்றியது. ஆனால் குதிரை போயிற்றேயன்றிப் பந்தயம் போகவில்லை. கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில் ஓடும் குதிரைகளின் பேரில் கொழும்பு வாசிகள் பணங் கட்டினர், இன்றுங் கட்டுகின்றனர். குதிரை வெளியேறிய அதே புல்வெளியில் இப்பொழுது உதைபந்தாட்டம் நடைபெறுகிறது.

நான்கு ஆண்டுகளுக்கொரு முறை உலகக் கிண்ணப் பருவம் வரும்போது, குதிரையின் பெயர் மட்டுமே தெரிந்த கிழவரும், குதிரையை நேரிற் கண்டேயிராத இளைஞரும், ஒருவர் கடையிலும் மற்றவர் கைபேசித் திரையிலுமாக, பிரேசிலின் பேரிலும் ஆர்ஜென்டினாவின் பேரிலும் பணம் வைக்கிறார்கள். உலகத் தரவரிசையில் இருநூறாம் இடத்தை அண்டி நிற்கும் எமது நாட்டு அணி அச்சுற்றில் ஆடுவதில்லையாதலால், சொந்த நாட்டின் மீதுள்ள பாசத்தாற் புத்தி மயங்கினோம் என்று சொல்லிக்கொள்ளவும் எமக்கு இடமில்லை. சட்டத்தைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை: 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் நெடுங்காலம் வழங்கி வந்தது, 1988இல் பந்தயத்துக்கும் சூதாட்டத்துக்கும் தனி வரி விதிக்கப்பட்டது, 2019இல் ஆட்டங்களின் முடிவைக் கள்ளத்தனமாக நிர்ணயிப்பது குற்றமாக்கப்பட்டது, 2025இல் இவை யாவற்றையும் மேற்பார்வை செய்ய ஓர் அதிகாரசபையை அமைக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. நான் இங்கே ஆராய விரும்புவது சட்டத்தையன்று. பந்தயக்காரர் எதிர்கொள்ளும் கணிதத்தை. ஏனெனில், ‘எந்த அணி வெல்லும்?’ என்று அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்க, கடைக்காரரோ அந்தக் கேள்வியைக் கேட்பதேயில்லை.

முதலில் ஆட்டத்தின் இயல்பை நோக்குவோம். உதைபந்தாட்டத்தின் விசேஷம் அதில் கோல்கள் மிக அரிதாக விழுவதே. 2022இல் கட்டாரில் நடைபெற்ற உலகக் கிண்ணச் சுற்றில் 64 ஆட்டங்களில் 172 கோல்களே அடிக்கப்பட்டன. ஆட்டமொன்றுக்கு ஏறத்தாழ 2.7. கிரிக்கெட்டில் ஓர் அணி ஒரே நாளில் முந்நூறு ஓட்டங்கள் எடுக்கிறது. கூடைப்பந்தில் நூறு புள்ளிகள் சாதாரணம். இருபத்திரண்டு பேர் தொண்ணூறு நிமிடம் ஓடியும் இரண்டு மூன்று தடவைகள் மட்டுமே நிகழும் ஒரு சம்பவத்தை எண்ணுவதற்கென்று கணிதத்தில் ஒரு தனிக் கிளை உண்டு. பிரெஞ்சுக் கணித மேதையான சிமியோன் புவாசோன் 1837இல் வெளியிட்ட நூலொன்றில் அதற்குரிய சூத்திரம் காணப்பட்டது. ஆயினும், அறுபது ஆண்டுகள் அதனை எவரும் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1898இல் லடிஸ்லாஸ் போர்ட்கீவிச் என்பவர் ஒரு சிறு நூலில் அதற்கு உயிர் கொடுத்தார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம், பிரஷ்ய இராணுவத்தில் குதிரை உதைத்து மாண்ட வீரர்களின் தொகை!

பத்துப் படைப்பிரிவுகளின் இருபது ஆண்டுக் குறிப்புகள், ஆக 200 குறிப்புகள், அவற்றில் மரணங்கள் 122, சராசரி 0.61. எந்தப் படைப்பிரிவில், எந்த ஆண்டில், எந்த வீரனை எந்தக் குதிரை உதைக்கும் என்று எந்தச் சோதிடனும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு சராசரியை மட்டும் சூத்திரத்தில் இட்டால், மரணமே நேராத குறிப்புகள் 109 இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது, இருந்தவை 109. ஒரு மரணம் நேர்ந்தவை 66 இருக்க வேண்டும், இருந்தவை 65. இரண்டு நேர்ந்தவை 20 என்பது கணக்கு, இருந்தவை 22. தனித்தனியாக நோக்கும்போது முற்றிலும் தற்செயலாகத் தோன்றும் நிகழ்ச்சிகள், திரளாக நோக்கும்போது ஒரு நியதிக்குக் கட்டுப்பட்டு நிற்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. குதிரையின் உதையை ஆராய்ந்த கணிதமே பிற்காலத்திற் பந்தின் உதைக்கும் பயன்பட்டதென்பது, குதிரைப் பந்தயத்திலிருந்து உதைபந்தாட்டத்துக்கு வந்து சேர்ந்த எமது கொழும்புப் பந்தயக்காரருக்குச் சற்று உவப்பான செய்தியாக இருக்கலாம்.

இனி இச்சூத்திரத்தை ஓர் ஆட்டத்துக்குப் பிரயோகித்துப் பார்ப்போம். பலமான ஓர் அணி பலங்குறைந்த ஓர் எதிரியோடு ஆடும்போது சராசரியாக 1.7 கோலும், பலங்குறைந்த அணி 0.9 கோலும் அடிக்கும் என்று வைத்துக்கொள்வோம்; அதாவது, முன்னையது பின்னையதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு வல்லது. இவ்வளவு வித்தியாசமிருந்தால் வெற்றி நிச்சயமென்று யாவரும் எண்ணுவர். கணித்துப் பார்த்தாலோ, பலமான அணி வெல்வது நூற்றுக்கு 56 தடவைகள், சமநிலை 24, பலங்குறைந்த அணி வெல்வது 20. ஐந்தில் ஒரு தடவை ‘அதிசயம்’ நிகழ்ந்தே தீரும். இதே இரண்டு அணிகள், இதே வல்லமை விகிதத்தோடு, கோல்கள் பத்து மடங்கு அதிகமாக விழும் ஒரு கற்பனை ஆட்டத்தை ஆடினால், 17க்கு 9 என்ற சராசரியில், பலமான அணி நூற்றுக்குத் தொண்ணூறு தடவைகளுக்கு மேல் வெல்லும். ஆகவே, உதைபந்தாட்டத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிதாயிருப்பதற்கு வீரர்களின் சாமர்த்தியக் குறைவு காரணமன்று. சாமர்த்தியம் தன்னை நிரூபித்துக்கொள்ளுமளவுக்கு அந்தத் தொண்ணூறு நிமிடத்தில் போதிய கோல்கள் விழுவதில்லை என்பதே காரணம். 2022 நவம்பர் 22ஆந் திகதி சவூதி அரேபியா 2க்கு 1 என்ற கணக்கில் ஆர்ஜென்டினாவை வென்றபோது உலகமே வியந்தது. கிரேஸ்நோட் என்னும் விளையாட்டுத் தரவு நிறுவனம் சவூதி அரேபியாவின் வெற்றி வாய்ப்பை 8.7 சதவீதமென்று கணித்திருந்தது. பன்னிரண்டில் ஒரு தடவை நிகழக்கூடியது, அறுபத்து நான்கு ஆட்டங்கள் கொண்ட ஒரு சுற்றிலே நிகழ்ந்ததில் என்ன வியப்பு? நிகழாதிருந்தாலே நான் வியந்திருப்பேன். அன்று தோற்ற அதே ஆர்ஜென்டினாதான் டிசம்பர் 18இல் கிண்ணத்தையும் ஏந்தியது.

சூத்திரம் அப்படியே முழுமையானதன்று. இங்கிலாந்தைச் சேர்ந்த மைக்கேல் மேர் 1982இல் ஒவ்வோர் அணிக்கும் தாக்கும் வலு, தடுக்கும் வலு என்று இரண்டு எண்களை வகுத்து, அவற்றிலிருந்து கோல் சராசரியைப் பெறும் முறையை வெளியிட்டார். 1997இல் மார்க் டிக்சன், ஸ்டூவர்ட் கோல்ஸ் என்னும் இருவர் அதனை மேலும் நுணுகி ஆராய்ந்து, 0-0, 1-1 போன்ற சிறு சமநிலைகள் சூத்திரம் அனுமதிப்பதைவிடக் கூடுதலாக நிகழ்வதைக் கண்டு, அதற்கு ஒரு திருத்தமும் அண்மைக்கால ஆட்டங்களுக்கு அதிக மதிப்பளிக்கும் வழியும் சொன்னார்கள். இது மனித சுபாவத்துக்கும் பொருந்துவதே: எழுபத்தைந்தாம் நிமிடத்தில் 0-0 என்று நிற்கும் இரண்டு அணிகள், தோற்பதைவிடச் சமநிலை மேலென்று பந்தைப் பின்னுக்குத் தட்டி விளையாடுவதை யார் பார்த்ததில்லை? கட்டாரிலே கோலின்றி முடிந்த ஆட்டங்கள் நான்கு அல்லது ஐந்து என்று எளிய சூத்திரம் எதிர்பார்க்கிறது, முடிந்தவை ஏழு. ஒரே சுற்றை வைத்துக்கொண்டு இதற்கு மேல் எதையும் சாதிக்க இயலாது. தற்செயலின் எல்லைக்குள் ஏழும் அடங்கும். டிக்சனும் கோல்சும் எழுதிய அந்த ஆராய்ச்சிக் கட்டுரையின் நோக்கத்தில் ஒரு பாதி உதைபந்தாட்டமன்று. புக்கிகளின் விலைகளில் பிழை கண்டு, அதனால் லாபமடைய முடியுமா என்பதே. இந்த நோக்கத்தை அவர்கள் கட்டுரைத் தலைப்பிலேயே மறைவின்றிச் சொல்லியிருந்தார்கள்.

விலை என்றேன், அதுவே விஷயத்தின் மையம். மேலே கண்ட ஆட்டத்துக்குக் கடைப் பலகையில் மூன்று விலைகள் எழுதப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபா கட்டி வென்றால், பலமான அணிக்கு 168 ரூபா, சமநிலைக்கு 390, பலங்குறைந்த அணிக்கு 470 கிடைக்கும். இவை மூன்றையும் தனித்தனியே நோக்குபவருக்கு ஒன்றிலும் குற்றம் தோன்றாது. ஆனால் ஒருவர், எந்த முடிவு நேர்ந்தாலும் தமக்கு ஆயிரம் ரூபா வரவேண்டுமென்று மூன்றின் பேரிலும் பணங் கட்டுவதாயின், முதலாவதற்கு 595, இரண்டாவதற்கு 256, மூன்றாவதற்கு 213, ஆக 1064 ரூபா கட்டவேண்டும். முடிவு எதுவாயினும் கடை திருப்பிக் கொடுப்பது ஆயிரமே. மிச்சமான 64 ரூபா, சவூதி வென்றாலும் ஆர்ஜென்டினா வென்றாலும், மழை பெய்தாலும் வெயில் காய்ந்தாலும், மேசைக்கு அந்தப் பக்கமே தங்கிவிடுகிறது. ஆதலாலேதான் கடைக்காரர் எந்த அணி வெல்லும் என்று கேட்பதில்லை என்று ஆரம்பத்திற் சொன்னேன். அவர் கவலையெல்லாம் பணம் ஒரே பக்கமாகக் குவிந்துவிடக் கூடாதென்பதுதான். குவியுமாயின் அந்தப் பக்கத்தின் விலையைக் குறைத்து மறுபக்கத்தின் விலையைக் கூட்டுவார். நெல்லுக்கு விலை ஏறினால் விற்கிறவன் வருவதுபோல, மறுபக்கத்துக்குப் பணம் வந்துவிடும்.

இவ்விதம் ஏறியும் இறங்கியும் நிலைபெறும் விலையானது, ஆயிரக்கணக்கானோரின் அறிவையும் ஆசையையும் அச்சத்தையும் தன்னுள் உறிஞ்சிக்கொண்ட ஒன்று. ஆகவே அது தனி நிபுணர் எவருடைய அபிப்பிராயத்தையும்விட நம்பத்தக்க முன்னறிவிப்பாக இருப்பதுண்டு. ஆஸ்திரியாவைச் சேர்ந்த புள்ளிவிவர அறிஞர்களான அக்கிம் சைலைஸ், கிறிஸ்டோப் லைட்னர், குர்ட் ஹோர்னிக் ஆகியோர், பல புக்கிகளின் விலைகளைத் திரட்டி, கடைக்காரரின் பங்கைக் கழித்து, சராசரி கண்டு, அதிலிருந்து சுற்றுகளின் முடிவுகளை முன்னுரைக்கும் முறையொன்றை வகுத்தனர். 2010 உலகக் கிண்ணத்தையும் 2012 ஐரோப்பியக் கிண்ணத்தையும் ஸ்பெயின் வெல்லுமென்றனர், வென்றது. 2014இல் பிரேசில் வெல்லுமென்றனர். அந்தப் பிரேசில் தன் சொந்த மண்ணில் ஜூலை 8ஆந் திகதி ஜேர்மனியிடம் 7க்கு 1 என்று தோற்றது. 2018இல் மீண்டும் பிரேசிலே முதன்மையானது என்றனர். ஆனால் எவ்வளவு நிச்சயத்தோடு? 16.6 சதவீதம். அடுத்ததாக அவர்கள் வைத்த ஜேர்மனிக்கு 15.8. அந்த ஜேர்மனி தென்கொரியாவிடம் தோற்று முதற்கட்டத்திலேயே வீடு திரும்பியது. இதைக் கண்டு கணிதத்தைப் பரிகசிப்போர், 16.6 என்ற எண்ணின் பொருளை விளங்கிக்கொள்ளாதவர். ஆறில் ஒன்று என்பது, ஆறில் ஐந்து தடவை நடவாதென்பதே.

சிறு பகுதியைக் கண்டு முழுமையை அளவிடும் இந்த வித்தைக்கும் சூதுக்குமுள்ள உறவு நம்மவர்க்குப் புதிதன்று. சூதாடி நாடிழந்த நளன், தேர்ப்பாகனாக மாறுவேடம் பூண்டு இருதுபன்னனைத் தேரில் ஏற்றிச் செல்லும்போது, அம்மன்னன் வழியில் நின்ற தான்றி மரத்தை ஒருமுறை நோக்கி, அதன் காய்களின் தொகையைச் சொல்லி வியப்பூட்டுகிறான், நளன் எண்ணிப் பார்க்கிறான், தொகை சரியாயிருக்கிறது, தேரோட்டும் வித்தைக்கு மாற்றாக அந்த எண்ணும் வித்தையைப் பெற்றுக்கொண்டு, அதன் துணையால் நளன் பின்னர் சூதில் வென்று நாட்டை மீட்கிறான். பாரதத்தில் வரும் இக்கதையைப் புகழேந்தியும் நளவெண்பாவிற் பாடியிருக்கிறார். புராதன இந்தியாவிற் சூதாடு காயாகப் பயன்பட்டது அதே தான்றிக் காயே என்பதையும் சேர்த்து எண்ணினால், மரத்தின் அருகே அந்தக் காட்சியை அமைத்த பழங்கவியின் நுட்பம் விளங்கும். ஆனால் நளனுக்கு எதிரே இருந்து ஆடியவன் புட்கரன் என்ற தனி மனிதன். இன்றைய பந்தயக்காரருக்கு எதிரே இருப்பதோ, எல்லா இருதுபன்னர்களும் எண்ணி முடித்தபின் எழுதப்பட்ட விலை.

இவ்விடத்தில் ஒரு விஷயத்தை மாத்திரம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘எனக்கு உதைபந்தாட்டம் நன்றாகத் தெரியும், ஆகவே நான் வெல்வேன்’ என்பது, கொட்டாஞ்சேனையில் இளமை முதற்கொண்டு பந்துதைத்து வளர்ந்த பலர் சொல்லும் வாதம். அவர்களுக்கு ஆட்டம் தெரியுமென்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது விலைக்கும் தெரியும். பிரெஞ்சு வீரர் எம்பாப்பே வேகமாக ஓடுவார் என்ற அறிவுக்குச் சந்தையிற் பெறுமதி ஏதுமில்லை. விலைக்குத் தெரியாத ஒன்று தெரிந்திருக்க வேண்டும், அதுவும் கடைக்காரரின் நூற்றுக்கு ஆறு பங்கையும் ஈடுசெய்யுமளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படித் தொடர்ந்து வெல்லும் அபூர்வமான மனிதர் ஒருவர் தோன்றினாலோ, அவர் கட்டக்கூடிய தொகைக்குப் பல நிறுவனங்கள் உச்சவரம்பு விதித்துவிடுகின்றன.

ஒரே ஆட்டத்தின் கதி இதுவாயின், சுற்று முழுவதையும் வெல்பவரை முன்னரே குறித்துப் பணங் கட்டுவோரின் நிலை என்ன? வெளியேற்றக் கட்டத்தில் ஒவ்வோர் எதிரியையும் நூற்றுக்கு 70 தடவை வெல்லக்கூடிய மகா வல்லமை பொருந்திய ஓர் அணி இருப்பதாகக் கொள்வோம். 32 அணிகள் ஆடிய காலத்தில், முதற்கட்டம் கடந்தபின் அது நான்கு எதிரிகளை வெல்லவேண்டியிருந்தது, 0.7ஐ நான்கு தடவை பெருக்கினால் 0.24. 2026ஆம் ஆண்டுச் சுற்று முதல் அணிகள் 48, ஆட்டங்கள் 104, வெளியேற்றக் கட்டத்தில் ஓர் அடுக்கு கூடிவிட்டதால் ஐந்து எதிரிகள், ஆகவே 0.17. நான்கில் ஒன்றாயிருந்த வாய்ப்பு, அணியின் பலம் இம்மியும் குறையாமலே, ஆறில் ஒன்றாகிவிட்டது.

இதே பெருக்கல், பல ஆட்டங்களை ஒரே சீட்டிற் கோத்துக் கட்டும் பந்தயத்திலும் மறைந்திருக்கிறது. ஐந்து ஆட்டங்களின் முடிவுகளும் சரியாக வந்தால் ஐம்பது மடங்கு என்று ஆசை காட்டும் அச்சீட்டு வாலிபர்களுக்கு மிகவும் பிரியமானது. ஒரு பந்தயத்தில் நூறு ரூபாவுக்குச் சராசரியாக 94 ரூபா திரும்புமாயின், ஐந்தைக் கோக்கும்போது 0.94 ஐந்து தடவை பெருக்கப்பட்டு 73 ரூபாவாகிறது. கடையின் பங்கு 6 என்பது 27 ஆகிவிட்டது. நான்கு சரியாகி ஐந்தாவது மட்டும் தவறிய சீட்டை வைத்துக்கொண்டு ‘மயிரிழையில் தவறியது’ என்று பெருமூச்செறிவோரை நாம் அறிவோம். லூக் கிளார்க் என்பாரும் அவருடைய கேம்பிரிட்ஜ் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, சூதாட்டப் பொறியில் நூலிழையில் நழுவும் தோல்வியானது, வெற்றியின்போது கிளர்ச்சியுறும் அதே மூளைப் பகுதிகளைக் கிளர்ச்சியுறச் செய்வதையும், மேலும் ஆடவேண்டுமென்ற ஆவலைத் தூண்டுவதையும் காட்டியது. பணத்தைப் பொறுத்தவரை தோல்வி. மூளையைப் பொறுத்தவரை பாதி வெற்றி. உதைபந்தாட்டம் இத்தகைய தருணங்களை உற்பத்தி செய்வதிற் சூதாட்டப் பொறியையும் மிஞ்சியது. 2022இல் கட்டாரின் லுசெயில் அரங்கில் நடைபெற்ற இறுதியாட்டத்தில், 3-3 என்ற நிலையில், மேலதிக நேரமும் முடியும் தறுவாயில், பிரான்ஸ் நாட்டுக் கோலோ முவானி தனித்து நின்று உதைத்த பந்தை ஆர்ஜென்டினாவின் கோல்காப்பாளர் மார்ட்டினெஸ் தன் இடக்காலை நீட்டித் தடுத்தார். அந்தப் பந்து ஒரு சாண் விலகியிருந்தால் கிண்ணம் பாரிசுக்குப் போயிருக்கும். பிரான்சின் பேரிற் கட்டியவர்கள் தங்கள் கணிப்புச் சரியே என்றும் ஒரு கால்தான் குறுக்கிட்டதென்றும் இன்றுஞ் சொல்லக்கூடும். ஆனால் ஆர்ஜென்டினாவின் பேரிற் கட்டி வென்றவர்கள், தங்களைக் காப்பாற்றியதும் அதே கால்தான் என்பதை நினைவுகூர்வது அரிது.

2010 உலகக் கிண்ணத்தின்போது ஜேர்மனியில் ‘பவுல்’ என்ற ஆக்டோபஸ் எட்டு ஆட்டங்களின் முடிவுகளையும் சரியாகக் காட்டியதை ஆதாரமாகக் கொண்டு, ஞானதிருஷ்டி உண்டென்று வாதிடுவோரும் உளர். நாணயத்தைச் சுண்டி எட்டையும் சரியாகச் சொல்வதற்கு 256இல் ஒரு வாய்ப்பு. உலகின் மிருகக்காட்சிச் சாலைகளில் ஆரூடஞ் சொல்லப் பணிக்கப்படும் பிராணிகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், அவற்றுள் ஒன்று புகழ் பெறுவதும், தோற்றவற்றின் பெயர் எவருக்கும் தெரியாமற் போவதும் இயல்பே.

கடைக்காரரின் பங்கு எவ்வளவென்று அறிய, சாதாரண தரக் கணிதம் படிக்கும் மாணவர் எவரும் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. நூறு ரூபாவுக்குக் கிடைக்கும் தொகையாகப் பலகையிலுள்ள ஒவ்வொரு விலையையும் கொண்டு 10,000ஐ வகுத்து, வரும் ஈவுகளையெல்லாம் கூட்டவேண்டும். கடைக்காரர் தமக்கென்று எதுவும் எடுக்காவிட்டால் கூட்டுத்தொகை 100. மேலே கண்ட உதாரணத்தில் அது 106.4. இரண்டு அணிகளும் மோதும் தனியாட்டத்தில் மூன்றே விலைகள். நூற்றுக்கு மேலுள்ள மிகுதியை மறைக்க அதிக இடமில்லை. கிண்ணத்தை வெல்லப்போவது யாரென்று 48 அணிகளின் பெயரும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும் நீண்ட பட்டியலிலோ, ஒவ்வொரு பெயரின் அருகிலும் சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்க இடம் தாராளமாக இருக்கிறது. சோதனையை அந்தப் பட்டியலிலிருந்து தொடங்குவது நல்லது. கைபேசியிலுள்ள கணிப்பானுக்கு அது சில நிமிட வேலை.